எதிராளிக்கும் மோர்

வெயில் காலத்தில் நம் மையத்துக்கு வருகிறவர்களுக்கு முதலில் மோர் கொடுக்க வேண்டும், உமாராணி அம்மா. அதற்கு முன்னால் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பஸ்ஸிலிருந்து இறங்கி, சித்திரை வெயிலில் நடந்து, கல்யாண மண்டபத்து மாடிப்படி இருபத்திரண்டையும் ஏறி வருகிறவருக்குத் தாகம்தான் முதல் வழக்கு. அதைத் தீர்த்துவிட்டால் அடுத்ததைச் சொல்ல அவருக்கே மனம் இளகும். எனக்குப் பிறகு இங்கே உட்காரப் போகிறவரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டும்.

அறக்கட்டளையின் வக்கீலாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆறுமுகத்தாய் கொண்டுவந்த பழைய பத்திரத்தை நான் படித்தேனா? படித்திருந்தால், அதில் இருந்ததை அவளுக்கு ஏன் சொல்லவில்லை? வேறு வழக்குகளிலும் இப்படி நடந்ததா? வயதில் இளையவரான நீங்கள், கோபம் இல்லாமல் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நன்றி. நானும் மறைக்காமல் சொல்கிறேன். என் போக்கில் சொல்ல மட்டும் அனுமதி கொடுங்கள்.

முப்பத்தாறு வருடம் நான் சிவில் வக்கீலாக இருந்தேன். கோர்ட் வராந்தாவில் உச்சிமாகாளி வக்கீல் என்றால் யாரும் கை காட்டுவார்கள். அந்த முப்பத்தாறு வருடத்தில் ஒரு வழக்கு மட்டும் சொல்கிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், வரப்பில் நின்ற ஒரு வேப்ப மரத்துக்காகப் பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். மரம் ஆறாவது வருடமே பட்டுப்போய்விட்டது. வழக்கு மட்டும் தழைத்தது. ஜெயித்தவருக்கு நான்தான் வக்கீல். தீர்ப்பு நகலைக் கையில் கொடுத்தபோது, "இத வச்சு என்ன செய்ய அண்ணாச்சி, பல்லு வெளக்கக் குச்சிகூட இல்லையே" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். தோற்ற தம்பியும் தள்ளி நின்று சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த காரியம் அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

அதனால்தான் அறக்கட்டளை இந்த மையத்தைத் தொடங்கி என்னைக் கூப்பிட்டபோது, அம்மன் உத்தரவு என்று எடுத்துக்கொண்டு வந்தேன். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். வழக்குப் போடுவதற்கு முன்பே இரு தரப்பும் கையில் இருப்பதை என் மேஜையில் வைக்கிறார்கள். இருவருக்கும் வேண்டாதவனும் வேண்டியவனும் அல்லாத நான், அனுபவத்தை வைத்து, கோர்ட்டுக்குப் போனால் யார் நிற்பார், யார் விழுவார் என்று சொல்கிறேன். ஒவ்வொருவரையும் தனி அறையில் உட்காரவைத்துச் சொல்கிறேன். அது தீர்ப்பு இல்லை, கருத்துதான். யாரையும் கட்டுப்படுத்தாது. அறையில் சொன்னது அறையோடு போகும். ஒருவரிடம் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போகக் கூடாது. இந்த விதி நான் உண்டாக்கியதில்லை. நான் வரும்போதே இருந்தது.

முதல் வருடம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஜெயிப்பீர்கள் என்று சொல்லப்பட்டவர் எழுந்து நேராகக் கோர்ட்டுக்குப் போனார். தோற்பீர்கள் என்று சொல்லப்பட்டவர், இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று வேறு வக்கீலைத் தேடிப் போனார். பதினொரு வழக்கு வந்து, நான்குதான் முடிந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் செண்பகவல்லி அம்மன் சந்நிதியில் அன்றைக்கு வரப்போகிற இரு தரப்பின் பேரையும் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு வருகிறவன் நான். சேர்ந்து அர்ச்சனை செய்த பெயர்கள் மாலையில் பிரிந்து படியிறங்கிப் போவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் வருடம் ஒரு கிணற்று வழக்கு வந்தது. யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்பதில் சித்தப்பன் மகனுக்கும் பெரியப்பன் மகனுக்கும் சண்டை. ஏதோ ஒரு யோசனையில், இரண்டு அறையிலும் ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "கோர்ட்டுக்குப் போனா ஒமக்கு நிக்கது கஷ்டம்." அரை மணி நேரத்தில் இருவரும் வெளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தர் டீ வாங்கிக் கொடுக்க, அடுத்தவர் வடை வாங்கிக் கொடுத்தார். அந்தக் கிணறு இன்றைக்கும் இரண்டு வீட்டுக்கும் ஊறுகிறது.

பிறகுதான், இருவரிடமும் சொல்லத் தேவையில்லை என்பது புரிந்தது. ஒருவர் விட்டுக்கொடுத்தாலே சண்டை நின்றுவிடும். யார் விட்டுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. சட்டப்படி தோற்க வேண்டியவர் சில சமயம் முரடராக இருப்பார். சொன்னால் கேட்க மாட்டார். அதனால், யாரால் தாங்க முடியும் என்று பார்க்க ஆரம்பித்தேன். இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வீட்டில் பலகாரம் குறைந்தால், அடம்பிடிக்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, புரிந்துகொள்கிற பிள்ளையிடம் நாளைக்குத் தருகிறேன் என்று சொல்வதில்லையா? அந்தத் தாய்க்குப் புரிந்துகொள்கிற பிள்ளை மேல்தான் பிரியம் அதிகம்.

தாங்குகிறவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நம் ஆபீஸ் காளீஸ்வரி மோரை ஒவ்வொரு அறையாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பெரும்பாலோர் வாங்கிக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வார்கள். சிலர் டம்ளரை வாங்கிக்கொண்டு, குடிக்காமல், அடுத்த அறைப் பக்கம் பார்த்து, "அவியளுக்குக் குடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். தன்னை அலையவிட்டவனுக்கு, தன் நிலத்தை வளைத்தவனுக்கு மோர் கிடைத்ததா என்று கேட்கிற மனசு. அப்படிப்பட்டவரைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அவரிடம்தான், உங்கள் வழக்கு நிற்காது என்று சொல்வேன்.

அவர்கள் என்னோடு வாதம் செய்ததே இல்லை.

போன சித்திரையில் வந்ததுதான் ஆறுமுகத்தாயின் விவகாரம். விளாத்திகுளம் பக்கம் ஒரு சின்ன ஊர். ஊரை விட்டுத் தள்ளி, தன் புஞ்சையிலேயே அவள் வீடு. புருஷன் இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் செல்வமாரி, புதியம்புத்தூரில் ஒரு தையல் ஆலையில் வேலை பார்த்து, அங்கேயே வாக்கப்பட்டுப்போனவள். வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வர ஒரு வண்டிப் பாதை உண்டு. பக்கத்து நிலத்தின் ஊடே போகிறது. நூற்றைம்பது காலடிதான் இருக்கும். கரிசல் மண் மழையில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதை அப்படியில்லை. ஆறுமுகத்தாயின் மாமனாரும் புருஷனும் வருடா வருடம் ஓடையிலிருந்து சரள் அள்ளிவந்து கொட்டி இடித்து, அதைக் கல்லாக்கி வைத்திருந்தார்கள். எத்தனை மழை பெய்தாலும் சக்கரம் இறங்காது.

அந்தப் பக்கத்து நிலத்தை அடுத்த ஊர் சுந்தரபாண்டி இரண்டு வருடத்துக்கு முன்னால் வாங்கினார். மிளகாய் போட்டார். ஆடு மாடு நுழைகிறது என்று சுற்றிக் கல்லூன்றிக் கம்பி கட்டினார். பாதையின் இரண்டு முனையிலும் கதவு வைத்துப் பூட்டினார். ஆறுமுகத்தாய்க்கு மிச்சம் இருந்தது ஓடைக்கரை. சுற்றிக்கொண்டு மூன்று பர்லாங்கு.

சுந்தரபாண்டி படியேறும்போதே அவர் குரல் மேலே வந்துவிட்டது. "யாரு சொன்னாலும் கேக்குத ஆளு நான் இல்ல, ஆமா" என்று படியிடமே சொல்லிக்கொண்டு வந்தார். மோரை ஒரே மூச்சில் குடித்தார். தன் பத்திரத்தை மேஜையில் போட்டார். அதில் பாதை என்று ஓர் எழுத்து இல்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி, சட்டம் யாரு பக்கம் நிக்குது? மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் உரத்த குரலில்தான் கேட்டார். நான் குரலைத்தான் கவனித்தேன்.

ஆறுமுகத்தாய் மோரை வாங்கிக்கொண்டு அடுத்த அறைப் பக்கம் பார்த்தாள். "அவியளுக்குக் குடுத்தாச்சா தாயி?" என்று காளீஸ்வரியிடம் கேட்டாள். குடுத்தாச்சு என்று காளீஸ்வரி சொன்ன பிறகுதான் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

அவள் கேட்டது சின்ன விஷயம். "எம்மக தலப்பிள்ளைக்கு வாரா அய்யா. ஐப்பசியில நாளு. தலப்பிள்ளை தாய் வீட்டுலதானே பெறணும். ஆட்டோவோ காரோ, ஒரு வண்டி எங்க வாசலுக்கு வரணும், அம்புட்டுத்தான். அவிய நெலத்துல ஒரு சாணு எனக்கு வேண்டாம்."

பிறகு மஞ்சள் பையிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்தாள். காளீஸ்வரி வழக்கம்போல ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் வைத்துவிட்டு, மூலத்தை என் கையில் கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் எழுதியது. பழைய குமாஸ்தாக்களின் கூட்டெழுத்து. ஆறுமுகத்தாயால் படிக்க முடியாது, பழகாத யாராலும் சட்டென்று படிக்க முடியாது. என்னால் முடியும். முழுவதும் படித்தேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதுதான்.

அன்றைக்கு இரண்டு நிலத்துக்கும் ஒரே சொந்தக்காரர். அவர் ஒரு பகுதியை ஆறுமுகத்தாயின் மாமனாருக்கு விற்றபோது, மீதி நிலத்தின் வழியே வண்டியும் மாடும் ஆளும் போகவர எட்டு முழ அகலத்தில் பாதை விட்டு, சந்ததி உள்ளவரை அனுபவிக்க வேண்டியது என்று எழுதிக் கொடுத்திருந்தார். வக்கீலான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலம் எத்தனை கை மாறினாலும் அந்தப் பாதை கூடவே போகும். அதன்மேல் அறுபத்தைந்து வருட நடை. கீழே கல்லாகக் கிடக்கிற சரளே சாட்சி. நான் அவளுக்கு வக்கீலாக இருந்திருந்தால், கோடை விடுமுறைக்கு முன்பே பூட்டைத் திறக்க உத்தரவு வாங்கியிருப்பேன்.

ஆனால் நான் அவளுக்கு வக்கீல் இல்லை. இருவருக்கும் நடுவில் இருக்கிறவன். அடுத்த அறையில் அந்தக் குரல் இருந்தது. பத்திரத்தைக் காட்டினால் அந்த மனிதர் அப்பீல் போவார், மேல் அப்பீல் போவார், இந்தப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு இருபது வருடம் நடப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அந்த நடையிலிருந்து அவளைக் காப்பாற்ற நினைத்தேன்.

முடிவு சொல்வதற்கு முன் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிடுகிற வழக்கம் எனக்கு உண்டு. அடுத்த நாள் ஸ்கூட்டரில் போனேன். ஓடைக்கரை வெடித்து, காய்ந்து, கெட்டிப்பட்டுக் கிடந்தது. வண்டி சீராகப் போனது. நான் கரிசலில் பிறந்தவன் அம்மா. சித்திரையில் கல்லாக இருக்கிற மண் ஐப்பசியில் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்ளும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசிக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. மழையும் ஒவ்வொரு வருடமும் பெய்துவிடுவதில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். சுந்தரபாண்டியிடம், சட்டம் உங்கள் பக்கம்தான், ஆனாலும் பெரிய மனதோடு ஓடைக்கரை ஓரம் உங்கள் நிலத்தில் இரண்டு முழம் அவளுக்கு விட்டுக்கொடுங்கள் என்றேன். "நம்ம பக்கமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சம்மதித்தார். பிறகு அடுத்த அறைக்கு வந்தேன்.

"கோர்ட்டுக்குப் போனா ஒனக்கு நிக்காது தாயி. அவரு பத்திரத்துல பாதையே இல்ல" என்றேன்.

அவள் மஞ்சள் பையைத் தடவினாள். "இந்தக் காயிதம்? எங்க மாமா இத விட்டுராதன்னு சொல்லிட்டுப் போனாக."

"அது பழசு. பத்திரமா வச்சுக்கோ" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அது பழசுதான்.

"ஓடைக்கர வழி வண்டி வருமா அய்யா?"

"தார் ரோடு கணக்கா கெடக்கு. நானே போயிட்டு வந்தேன்."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். அந்தப் பாதையில் தனக்கு உரிமை இல்லை என்று எழுதிய சமரசப் பத்திரத்தில், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். இருவருக்கும் அம்மன் குங்குமம் கொடுத்தேன். "அம்மன் சாட்சியா குடுத்த வாக்கு. இனிமே அந்தக் கம்பியத் தொடக் கூடாது" என்று அவளிடம் சொன்னேன். எல்லோரிடமும் சொல்வதுதான். படியிறங்கும்போது சுந்தரபாண்டியிடம் அவள், உங்கள் மனைவிக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டது என் காதில் விழுந்தது. அன்றைக்கு நான் நிறைந்த மனதோடு வீட்டுக்குப் போனேன்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு செல்வமாரிக்கு வலி கண்டது. நாள் இன்னும் எட்டு இருந்தது. ஆம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்து பெரிய ரோட்டில் நின்றது. ஓடைக்கரையில் இறங்க முடியாது என்று டிரைவர் பார்த்தவுடனே தெரிந்துகொண்டார். ஊர் ஆட்கள் நாலு பேர் கடப்பாரையோடு வீட்டுக்கு வந்தார்கள். பூட்டை உடைத்துவிட்டுச் சரள் பாதை வழியே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனால் ஐந்து நிமிடம்.

ஆறுமுகத்தாய் வேண்டாம் என்று தடுத்தாள். "அம்மன் சாட்சியா எழுதிக் குடுத்துருக்கேன். குங்குமம் வாங்குன கையால பூட்ட ஒடைக்கவா? பெறப்போறவளுக்கு அது ஆகுமா?" என்றாள். அவர்கள் சத்தம் போட்டுப் பார்த்தார்கள். உச்சிமாகாளி ஐயா தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், சாவி வாங்கி வாருங்கள் என்றாள். சுந்தரபாண்டி தூத்துக்குடிக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. ஒருவர் அவர் வீட்டுக்கு ஓடினார். வலி காத்திருக்கவில்லை. ஓடைக்கரை வழியே கட்டிலைத் தூக்கினார்கள்.

மூன்று பர்லாங்குக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. முழங்கால் வரை இறங்குகிற காலை ஒவ்வொரு எட்டுக்கும் பிடுங்கி வைக்க வேண்டும். இரண்டு முறை கட்டில் சரிந்தது. பாதி வழியில் ரத்தப்போக்கு கண்டது. தார்ப்பாய்க்குக் கீழே, கட்டிலிலேயே பிள்ளை பிறந்தது, பெண். விளாத்திகுளம் போய்ச் சேருவதற்கு முன்னால் செல்வமாரிக்கு மூச்சு நின்றுவிட்டது. சுந்தரபாண்டியின் மனைவி மூட்டுவலிக் காலோடு அந்தச் சேற்றில் ஓடிவந்து சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். அப்போது அந்த வழியாகப் போக யாரும் இல்லை.

நான் காரியத்துக்குப் போனேன். பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து குழந்தையைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று ஆறுமுகத்தாய் எனக்கு ஆள் அனுப்பினாள். பிறந்த பிள்ளைக்கு முதலில் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற சேனை இன்னும் வைக்கவில்லை; வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. "நல்ல மனுசன் கையால வைக்கணும் அய்யா. எனக்குத் தெரிஞ்சு நீங்கதான்" என்று சங்கை நீட்டினாள். நான் மறுத்திருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? மூன்று முறை விரலால் தொட்டு வைத்தேன். குழந்தை என் விரலைப் பிடித்துச் சப்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறுமுகத்தாய்தான் என்னைத் தேற்றினாள்.

அடுத்த வாரம் சுந்தரபாண்டி மையத்துக்கு வந்தார். படியேறி வந்த சத்தமே கேட்கவில்லை. கல்லையும் கம்பியையும் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். மோர்க்காலம் இல்லை, காளீஸ்வரி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"எம் பொண்டாட்டி தெனமும் சொன்னா அண்ணாச்சி, குடுத்துருங்க, பெத்தவ வயித்தெரிச்சல் வேண்டாம்னு. நானும் குடுக்கலாம்னுதான் வந்தேன். சும்மா குடுத்தா எளக்காரமாப் போயிரும்னு, பெரியவுக நீங்க ஒரு வார்த்த சொல்லட்டும்னு வந்தேன். சட்டம் ஒம்ம பக்கம்னு சொன்னீய. சரி, அப்ப நாயமும் நம்ம பக்கம்தான் போலன்னு இருந்துட்டேன்."

அவர் போன பிறகு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது ஒரு பிழை என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். உரக்கப் பேசுகிறவர் எல்லாம் வளையாதவர் என்று நினைத்தது பிழை. இரண்டு பேரில் சுலபமாக விட்டுக்கொடுக்கக் கூடியவர் அவர்தான். நான் ஆளை மாற்றி எடுத்துக்கொண்டேன். முறையில் கோளாறு இல்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இந்தப் பதினான்கு வருடத்தில் நூற்றுப் பன்னிரண்டு விவகாரங்களை முடித்துவைத்தேன். அதில் சட்டப்படி ஜெயிக்க வேண்டியவரிடம் தோற்பீர்கள் என்று சொன்னது அறுபதுக்குக் குறையாது. ஒருத்திக்கு வீடு போயிற்று. ஆலையில் கை போன ஒருவன் ஆலைக்காரர் சொன்ன காரணத்தை ஏற்றுக்கொண்டு, நஷ்டஈடு வாங்காமல் போனான். தாய் வீட்டுக்கு வந்துவிட்ட ஒரு பெண், திரும்பப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் புருஷனோடு போனாள். அவள் பிறகு என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. இவர்கள் எல்லோரும் போகும்போது என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவரையும் பஸ் ஸ்டாப்பு வரை கூடவே போய் வழியனுப்பியிருக்கிறேன். மூன்று வீடுகளில் தீபாவளிக்கு இன்றும் பலகாரம் வருகிறது. பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். ஞாபகம் இருக்கிற வரையில்.

இனி, இது எப்படி வெளியே வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி நீங்கள் கேட்டிருந்தீர்கள். காளீஸ்வரி போன திங்கட்கிழமை ஆறுமுகத்தாயின் பத்திர ஜெராக்ஸை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி, அரை நாளில் படித்துவிட்டாள். என்னிடம் வந்து, "அய்யா, இதுல பாதைன்னு எழுதிருக்கே" என்றாள். பழைய பத்திரம் செல்லாது என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. டீயை மட்டும் நேரத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். உங்களுக்குத் தெரிவித்தது அவள்தான் என்பது எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல பெண்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை பகலில் ஆறுமுகத்தாய் பேத்தியோடு வந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து நாலு நடக்கிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறது. அவள் மிகவும் மெலிந்திருந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றாள்.

"மனசு அரிக்குது அய்யா. அன்னைக்கு நான் ஒத்துக்கிடாம, முடியாதுன்னு கோர்ட்டுல போயி நின்னுருந்தா எம்மக இருந்துருப்பாளோன்னு. சோறு எறங்க மாட்டுக்கு. நாந்தான் கையெழுத்துப் போட்டு அவளக் கொன்னுட்டனோன்னு இருக்கு. நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கேஸ் போட்டுருந்தா நான் செயிச்சிருப்பனா?"

அம்மா, நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆமாம் என்று சொன்னால், கையெழுத்துப் போட்ட விரலை அவள் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான்கு மாதக் குழந்தையை வளர்க்க வேண்டியவள். அவளுக்கு இந்த உலகத்தில் நம்பிக்கை மிச்சம் இருப்பது ஒரே ஒரு மனிதன் மேல்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு அவளை வெறுங்கையோடு படியிறக்கி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

"இல்ல தாயி. தோத்துத்தான் போயிருப்ப" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டாள். பிறகு கும்பிட்டாள். போகும்போது நடை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

பத்திரத்தைப் படித்தேன், அவள் ஜெயிப்பாள் என்று அறிந்தேன், தோற்பாய் என்று சொன்னேன், மகள் செத்த பிறகு மறுபடியும் அதையே சொன்னேன். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் இதுதான் பதில். எந்த நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். அந்தக் கடைசிப் பதிலைச் சொன்னபோது என்னைப் பற்றி நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அவள் கேட்டு முடித்ததும் எழுந்து போய், வெளியே காளீஸ்வரி உட்கார்ந்திருந்ததால், கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன், அவ்வளவுதான்.